துப்பாக்கி உரிமமும் வன்கொடுமைத் தடுப்பு விதிகளும்: தற்காப்புக்குச் சட்டம் தரும் இடம் எவ்வளவு?

சாதிக் கலவரம் மூளும் ஒவ்வொரு முறையும் நம் குடியிருப்புகளில் ஒரு கேள்வி எழுகிறது: காவல்துறை வந்து சேரும் வரை நம்மை நாமே காத்துக்கொள்ள ஆயுதம் வைத்திருந்தால் என்ன? பொது அரங்கில் இக்கேள்வி வன்முறைப் பேச்சாகப் பார்க்கப்படுகிறது. ஆனால் இந்திய அரசே 1995ஆம் ஆண்டு இதற்கு எழுத்தில் ஒரு விடை தந்திருக்கிறது என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. பட்டியல் சாதியினர் மற்றும் பட்டியல் பழங்குடியினர் வன்கொடுமைத் தடுப்பு விதிகளின் மூன்றாம் விதி, தேவையெனக் கருதினால் தலித்துகளுக்கும் பழங்குடியினருக்கும் ஆயுத உரிமம் வழங்க வேண்டும் என்று மாநில அரசுகளுக்குச் சொல்கிறது.

அந்த விதி என்ன சொல்கிறது, அது ஏன் செயலுக்கு வருவதில்லை, வந்தால் நமக்கு என்ன பயன், என்ன ஆபத்து என்பவற்றை இக்கட்டுரையில் தொகுத்துத் தருகிறோம்.

ஆயுதமும் சாதியும்

ஆயுதம் யார் கையில் இருக்கலாம் என்பது இந்நாட்டில் என்றுமே சாதி சார்ந்த கேள்வியாகவே இருந்துள்ளது. அண்ணல் அம்பேத்கர் 1936இல் வெளியிட்ட 'சாதி ஒழிப்பு' உரையில் இதை நேரடியாக எடுத்துப் பேசினார். இத்தனை கொடுமைக்கு ஆளான மக்கள் ஏன் கிளர்ந்தெழவில்லை என்ற கேள்விக்கு அவர் தந்த விடை, சதுர்வருண அமைப்பு அவர்களிடமிருந்து ஆயுதம், கல்வி, பொருள் ஆகிய மூன்றையும் பறித்துவிட்டது என்பதே. பணிவை அவர்களுடைய இயல்பாகக் காட்டும் பேச்சுக்கு அது மறுப்பாக அமைந்தது.

ஆங்கிலேயர் ஆட்சி இந்த நிலையைத் தனக்கேற்ற வகையில் தொடர்ந்தது. 1878ஆம் ஆண்டின் படைக்கலச் சட்டம் இந்தியர்கள் உரிமமின்றி ஆயுதம் வைத்திருப்பதைத் தடுத்தது, ஐரோப்பியர்களுக்கு விலக்களித்தது. 1818இல் கோரேகான் போரில் ஆங்கிலேயர் படையில் நின்று போரிட்ட மகர்கள், 'போர்க்குணமுள்ள இனங்கள்' என்ற கோட்பாடு வலுப்பெற்ற 1890களில் படையில் சேரும் வாய்ப்பை இழந்தார்கள். நெடுங்காலப் போராட்டத்துக்குப் பின், இரண்டாம் உலகப் போர்க் காலமான 1941இல்தான் மகர் படைப்பிரிவு உருவாயிற்று. படையில் சேரும் உரிமைக்காகத் தலித்துகள் தொடர்ந்து மனுச் செய்ததற்கு ஊதியம் மட்டும் காரணமன்று. சீருடையும் ஆயுதமும் ஊருக்குள் ஒரு மனிதரின் நிலையையே மாற்றின.

துப்பாக்கி யாரிடம் இருந்தது?

1968ஆம் ஆண்டு டிசம்பர் 25ஆம் நாள் இரவு, தஞ்சை மாவட்டத்தின் கீழ்வெண்மணியில் கூலி உயர்வு கேட்ட தலித் விவசாயத் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர் ஒரே குடிசையில் வைத்து எரிக்கப்பட்டனர். பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். நிலவுடைமையாளர்களின் ஆட்கள் துப்பாக்கியுடன் வந்தார்கள். துப்பாக்கிச் சூட்டுக்கு அஞ்சி ஓடியவர்கள்தாம் அந்தக் குடிசைக்குள் தஞ்சம் புகுந்தார்கள். விசாரணை நீதிமன்றத்தில் தண்டனை பெற்ற நிலவுடைமையாளர்கள் உயர் நீதிமன்றத்தில் விடுவிக்கப்பட்டனர். அதே இரவில் நிலவுடைமையாளர் தரப்பின் ஆள் ஒருவர் கொல்லப்பட்ட வழக்கிலோ தொழிலாளர்கள் சிறைக்குச் சென்றார்கள்.

பீகாரில் இதே வடிவம் இன்னும் பெரிய அளவில் நிகழ்ந்தது. 1994இல் போஜ்பூர் மாவட்டத்தில் தோன்றிய ரன்வீர் சேனா என்னும் நிலவுடைமையாளர் தனிப்படை, 1996 ஜூலை 11 அன்று பதானி தோலாவில் 21 பேரைக் கொன்றது. 1997 டிசம்பர் 1 இரவு லட்சுமண்பூர் பாத்தேயில் 58 பேரைக் கொன்றது. இரு வழக்குகளிலும் விசாரணை நீதிமன்றம் தண்டித்தவர்களைப் பாட்னா உயர் நீதிமன்றம் முறையே 2012இலும் 2013இலும் விடுவித்தது. ரன்வீர் சேனாவின் அரசியல் தொடர்புகளை விசாரிக்க அமைத்த அமீர் தாஸ் ஆணையம், அறிக்கை தருவதற்கு முன்பே 2006இல் கலைக்கப்பட்டது.

மறுபுறம் 1992இல் மாவோயிஸ்டு அமைப்பினர் பாரா கிராமத்தில் பூமிகார் சாதியைச் சேர்ந்த முப்பதுக்கும் மேற்பட்டோரைக் கொன்ற வழக்கு தடா சட்டத்தின்கீழ் நடந்தது. அதில் நால்வருக்கு விதித்த தூக்குத் தண்டனையை உச்ச நீதிமன்றம் 2002இல் உறுதி செய்தது; 2017இல்தான் குடியரசுத் தலைவர் அதை ஆயுள் தண்டனையாகக் குறைத்தார். அந்தப் படுகொலையை நாம் நியாயப்படுத்தவில்லை. ஒரே மாநிலத்தில், ஒரே பத்தாண்டில், ஆயுதம் ஏந்தியவர் யார் என்பதைப் பொறுத்துச் சட்டத்தின் எடை மாறியதை மட்டும் சுட்டுகிறோம். துப்பாக்கி பற்றி நாம் எடுக்கும் எந்த முடிவும் இந்த உண்மையைக் கணக்கில் கொண்டாக வேண்டும்.

மூன்றாம் விதி சொல்வது

வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் 1990 ஜனவரி 30 அன்று நடைமுறைக்கு வந்தது. அதன் விதிகள் 1995 மார்ச் 31 அன்று வந்தன. மூன்றாம் விதியின் முதல் உட்பிரிவு, வன்கொடுமை நிகழும் முன் மாநில அரசு செய்ய வேண்டியவற்றைப் பட்டியலிடுகிறது. அவற்றுள் நம் பொருளுக்குத் தொடர்புடையவை ஐந்து.

ஒன்று, வன்கொடுமை நிகழக்கூடிய, அல்லது மீண்டும் நிகழுமென அஞ்சப்படும் பகுதிகளை அரசு அடையாளம் காண வேண்டும்.

இரண்டு, அப்பகுதிகளில் தேவையெனக் கருதினால், பட்டியல் சாதி, பழங்குடியினர் அல்லாதவர்களின் ஆயுத உரிமங்களை நீக்கி, அந்த ஆயுதங்களை அரசு ஆயுதக் கிடங்கில் ஒப்படைக்கச் செய்ய வேண்டும். அவர்களுடைய நெருங்கிய உறவினர், வேலையாட்கள், குடும்ப நண்பர்கள் ஆகியோரின் உரிமங்களும் இதில் அடங்கும்.

மூன்று, சட்டவிரோதத் துப்பாக்கிகள் அனைத்தையும் பறிமுதல் செய்து, அவற்றின் தயாரிப்பைத் தடுக்க வேண்டும்.

நான்கு, உயிருக்கும் உடைமைக்கும் பாதுகாப்பளிக்கும் நோக்கில், தேவையெனக் கருதினால், பட்டியல் சாதி, பழங்குடி மக்களுக்கு ஆயுத உரிமம் வழங்க வேண்டும்.

ஐந்து, அடையாளம் கண்ட பகுதியில் சிறப்புக் காவல் படையை நிறுத்த வேண்டும்.

இந்த வரிசையைக் கூர்ந்து நோக்க வேண்டும். ஆதிக்கச் சாதியினரிடம் உள்ள ஆயுதங்களை அகற்றுவது முதலில் வருகிறது. நமக்கு உரிமம் தருவது அதற்குப் பிறகு வருகிறது. உரிமத்தை நீக்குவதற்கும் வழங்குவதற்கும் 'தேவையெனக் கருதினால்' என்ற நிபந்தனை உண்டு. கள்ளத் துப்பாக்கிகளைப் பறிமுதல் செய்வதற்கும் சிறப்புக் காவல் படையை நிறுத்துவதற்கும் அந்த நிபந்தனை இல்லை. அவை அரசின் கட்டாயக் கடமைகள். எனவே 'எங்களுக்குத் துப்பாக்கி கொடுங்கள்' என்ற கோரிக்கையைவிட, 'அவர்களிடம் உள்ளதை எடுங்கள்' என்ற கோரிக்கைக்கே சட்டத்தில் வலு அதிகம்.

எல்லாவற்றுக்கும் முதற்படி பகுதியை அடையாளம் காண்பதுதான். ஒரு பகுதி பட்டியலில் இல்லையென்றால் மற்ற நான்கையும் கேட்கும் இடம் சுருங்கிவிடுகிறது. ஊரின் பெயர் பட்டியலில் சேர்ந்தால் மாவட்டத்துக்கு அவப்பெயர் என்று கருதும் நிர்வாகம், இந்தப் படியிலேயே தயங்கி நிற்கிறது.

உரிமம் கிடைக்கும் வழியும் அடைபடும் இடங்களும்

துப்பாக்கி உரிமத்தை 1959ஆம் ஆண்டின் படைக்கலச் சட்டமும் 2016ஆம் ஆண்டின் படைக்கல விதிகளும் ஆள்கின்றன. மாவட்ட ஆட்சியரிடமும், மாநகரக் காவல் ஆணையரகம் உள்ள இடங்களில் ஆணையரிடமும் விண்ணப்பிக்க வேண்டும். விண்ணப்பதாரருக்கு 21 வயது நிறைந்திருக்க வேண்டும். காவல் நிலைய அறிக்கை பெறப்படும். 2019ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின் ஒருவர் பொதுவாக இரண்டு துப்பாக்கிகளுக்கு மேல் வைத்திருக்க முடியாது. உரிமம் ஐந்தாண்டுகளுக்குச் செல்லும். மறுத்தால் அதிகாரி காரணத்தை எழுத்தில் பதிய வேண்டும். பிரிவு 18இன்கீழ் மேல்முறையீடு செய்யலாம்.

சட்டத்தின் பிரிவு 14இல் நமக்குப் பயன்படும் வரி ஒன்று உண்டு. போதிய சொத்து இல்லை என்ற காரணத்துக்காக மட்டும் ஒருவருக்கு உரிமம் மறுக்கக் கூடாது. நிலமற்றவருக்குத் துப்பாக்கி எதற்கு என்று கேட்கும் அதிகாரிக்கு இந்த வரியைக் காட்டலாம். ஆனால் நடைமுறையில் உரிமம் நிலத்தின் பின்னால்தான் செல்கிறது. பயிர்ப் பாதுகாப்புக்கென நாட்டுத் துப்பாக்கி உரிமம் கேட்பவருக்குப் பயிர் இருக்க வேண்டும். பயிருக்கு நிலம் இருக்க வேண்டும். நிலம் பங்கிடப்படாத ஊரில் இந்த உரிமமும் பங்கிடப்படுவதில்லை.

இரண்டாவது அடைப்பு, வழக்கு. வன்கொடுமைப் புகார் கொடுத்தவர்மீதே எதிர் வழக்குப் பதிவது பல காவல் நிலையங்களின் வழக்கம். மோதலுக்குப் பின் 'இரு தரப்பினரிடமும்' நன்னடத்தைப் பிணை எழுதி வாங்குவதும் அப்படியே. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 107ஆம் பிரிவும், இப்போதைய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 126ஆம் பிரிவும் இதற்குப் பயன்படுகின்றன. அமைதி காக்கப் பிணை எழுதிக் கொடுக்க உத்தரவிடப்பட்டவர், அந்தப் பிணைக் காலத்தில் துப்பாக்கி வைத்திருக்கத் தகுதியற்றவர் என்று படைக்கலச் சட்டத்தின் பிரிவு 9 கூறுகிறது. தாக்கப்பட்ட தெருவின் இளைஞர்கள் அனைவரும் பிணை எழுதிக் கொடுத்த பின், அந்தத் தெருவில் யார் உரிமம் கேட்க முடியும்? எனவே பொய்யான எதிர் வழக்கையும் பொதுப்படையான பிணை நடவடிக்கையையும் உடனுக்குடன் எதிர்த்து மேல்முறையீடு செய்வது இன்றியமையாதது.

மூன்றாவது, உரிமமின்றி வைத்திருப்பதன் விலை. 2019 திருத்தத்துக்குப் பின் உரிமமற்ற துப்பாக்கிக்குக் குறைந்தது இரண்டாண்டு, கூடியது ஐந்தாண்டுச் சிறை. தடைசெய்யப்பட்ட வகை ஆயுதமென்றால் ஏழாண்டுக்குக் குறையாது. அச்சத்தால் கள்ளத் துப்பாக்கி வாங்கும் ஒரு தலித் இளைஞர், தாக்க வந்தவருக்கு முன்பே சிறைக்குச் செல்வார். இதை நாம் எவ்வளவு அழுத்தமாகச் சொன்னாலும் தகும்.

துப்பாக்கி இல்லாமலும் தற்காப்புரிமை உண்டு

தற்காப்புரிமைக்கும் துப்பாக்கி உரிமத்துக்கும் உள்ள வேறுபாட்டை விளங்கிக்கொள்ள வேண்டும். முன்பு இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 96 முதல் 106 வரையிலான பிரிவுகளில் இருந்த தற்காப்புரிமை, 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதாவின் 34 முதல் 44 வரையிலான பிரிவுகளில் உள்ளது. தன் உடலையும் பிறர் உடலையும் காக்கும் உரிமை அனைவருக்கும் உண்டு. உயிர் போகும், கொடுங்காயம் நேரும், பாலியல் வன்கொடுமை நிகழும் என்ற நியாயமான அச்சம் ஏற்பட்டால், எதிர்ப்பு தாக்குபவரின் உயிரைப் பறிக்கும் வரை செல்வதையும் சட்டம் ஏற்கிறது. இரவில் வீடு உடைத்துப் புகுவது, குடியிருக்கும் வீட்டுக்குத் தீ வைப்பது ஆகியவற்றுக்கு எதிராகவும் இந்த உரிமை விரிகிறது. குடிசை எரிப்பை நன்கறிந்த நம் மக்கள் இதை மனத்தில் பதிக்க வேண்டும்.

இதற்கு எல்லைகளும் உண்டு. அரசின் பாதுகாப்பை நாட நேரம் இருந்தால் இந்த உரிமை இல்லை. தேவைக்கு மேல் தாக்கக் கூடாது. ஆபத்து நீங்கிய பின் செய்வது தற்காப்பாகாது, பழிவாங்கலாகும். தற்காப்பு என்று மெய்ப்பிக்கும் பொறுப்பு குற்றம் சாட்டப்பட்டவரைச் சாரும். ஆகவே முதல் தகவல் எந்த நேரத்தில் காவல் நிலையத்துக்குப் போனது, எத்தனை முறை அழைத்தோம், யார் எடுத்துப் பேசினார் என்ற குறிப்புகள் பின்னாளில் நீதிமன்றத்தில் நம் உயிர்நாடியாகும்.

அமெரிக்கக் கறுப்பின மக்களின் பட்டறிவு

1972இல் மும்பையில் தோன்றிய தலித் பேந்தர்கள் தம் பெயரை அமெரிக்காவின் கறுப்புச் சிறுத்தைகளிடமிருந்து எடுத்துக்கொண்டார்கள். அந்த மக்களின் பட்டறிவு துப்பாக்கி பற்றிய நம் விவாதத்துக்கும் பயன்படும்.

அமெரிக்க அரசமைப்பின் இரண்டாம் திருத்தம் ஆயுதம் தாங்கும் உரிமையைக் குறிப்பிடுகிறது. ஆனால் அடிமை முறை ஒழிந்த 1865ஆம் ஆண்டிலேயே மிசிசிப்பி மாநிலம் கறுப்பின மக்கள் உரிமமின்றித் துப்பாக்கி வைத்திருப்பதைத் தடை செய்தது. 1873இல் லூசியானாவின் கோல்ஃபாக்ஸில் வெள்ளையர் கும்பல் கறுப்பின மக்களைப் பெருமளவில் கொன்றது. அவ்வழக்கில் 1876இல் தீர்ப்பளித்த அமெரிக்க உச்ச நீதிமன்றம், அந்தத் திருத்தம் மத்திய அரசை மட்டுமே கட்டுப்படுத்தும் என்று கூறித் தண்டனைகளை நீக்கியது. 1956இல் மாண்ட்கோமரியில் தம் வீட்டின்மீது குண்டு வீசப்பட்ட பின் மார்ட்டின் லூதர் கிங் துப்பாக்கி உரிமத்துக்கு விண்ணப்பித்தார், மறுக்கப்பட்டது. 1967இல் கறுப்புச் சிறுத்தைகள் கலிபோர்னியாவில் வெளிப்படையாகத் துப்பாக்கி ஏந்திக் காவல்துறையைக் கண்காணிக்கத் தொடங்கியபோது, பொது இடத்தில் நிரப்பிய துப்பாக்கி ஏந்துவதைத் தடை செய்யும் மல்ஃபோர்டு சட்டம் அங்கு நிறைவேறியது. உரிமை எழுத்தில் பொதுவாக இருந்தது. ஒடுக்கப்பட்டவர் அதைப் பயன்படுத்தியபோது எழுத்தே மாற்றப்பட்டது.

அதே வரலாற்றில் இன்னொரு பக்கமும் உண்டு. 1964இல் லூசியானாவின் ஜோன்ஸ்பரோவில், பெரும்பாலும் முன்னாள் படைவீரர்களும் ஆலைத் தொழிலாளர்களும் 'தற்காப்புக்கும் நீதிக்குமான டீக்கன்கள்' என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். அறவழியில் போராடிய குடிமை உரிமைத் தொண்டர்களுக்கு ஆயுதத்துடன் காவல் நின்றார்கள். அவர்கள் காவல் நின்ற இடங்களில் கு கிளக்ஸ் கிளான் ஆட்கள் இரவில் வருவதற்குத் தயங்கினார்கள். ஊர் அறிந்த, கட்டுப்பாடுள்ள, காத்தல் ஒன்றையே நோக்கமாகக் கொண்ட அமைப்பாக அது இருந்தது. அறவழிப் போராட்டத்துக்கு அது துணையாக நின்றதே தவிர, மாற்றாக நிற்கவில்லை.

அரசு ஆயுதம் தரும்போது

இந்தியாவில் அரசே குடிமக்களுக்கு ஆயுதம் தந்த நிகழ்வுகள் உண்டு. 1990களில் ஜம்முவின் மலைப்பகுதிகளில் கிராமப் பாதுகாப்புக் குழுக்களுக்குத் துப்பாக்கிகள் தரப்பட்டன. சத்தீஸ்கரில் மாவோயிஸ்டுகளுக்கு எதிராகப் பழங்குடி இளைஞர்கள் சிறப்புக் காவல் அலுவலர்களாக ஆயுதமேந்தச் செய்யப்பட்டார்கள். குறைந்த ஊதியமும் குறைந்த பயிற்சியும் தந்து அவர்களைப் போர்முனையில் நிறுத்துவது அரசமைப்புக்கு எதிரானது என்று 2011 ஜூலை 5 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஒடுக்கப்பட்டவர் கையில் அரசு தரும் துப்பாக்கி, அவரைக் காப்பதற்குப் பதிலாக அவரையே கேடயமாக்கக்கூடும் என்பதற்கு அத்தீர்ப்பு சான்று.

2025 மே மாதம் அசாம் அமைச்சரவை, பதற்றமான, தொலைதூரப் பகுதிகளில் வாழும் 'மண்ணின் மைந்தர்களுக்கு' ஆயுத உரிமம் வழங்க முடிவு செய்தது. சிறுபான்மையினர் பெரும்பான்மையாக வாழும் மாவட்டங்களே அங்கு முதன்மையாகக் குறிக்கப்பட்டன. யாருடைய அச்சத்தை அரசு அச்சமாக ஏற்கிறது என்பது அரசியல் முடிவு. முப்பது ஆண்டுகளாக எழுத்தில் உள்ள மூன்றாம் விதிக்குக் கிடைக்காத வேகம், வேறொரு தரப்பின் அச்சத்துக்குக் கிடைத்திருக்கிறது.

மணிப்பூரில் 2023 மே மாதம் கலவரம் வெடித்த பின் காவல்துறையின் ஆயுதக் கிடங்குகளிலிருந்து ஆயிரக்கணக்கான ஆயுதங்கள் கொள்ளை போயின. இரு தரப்பிலும் ஊர்க்காவல் அணிகள் ஆயுதமேந்தி நின்றன. மோதல் அடங்கவில்லை, எல்லைக்கோடுகள் இறுகின. பீகாரிலும் படுகொலையும் பதில் படுகொலையும் மாறி மாறி நிகழ்ந்தபோது, அடுத்து எரிந்தது பெரும்பாலும் நிலமற்றவர்களின் குடியிருப்பே.

நம் நிலைப்பாடு

துப்பாக்கி எவற்றுக்கு எதிராகப் பயன்படாது என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும். 1995 ஆகஸ்டு 31 அன்று கொடியங்குளத்தில் வீடுகளுக்குள் புகுந்து சூறையாடியது காவல்துறை. 1999 ஜூலை 23 அன்று தாமிரபரணிக் கரையில் தடியடி நடத்திப் 17 பேரின் உயிரிழப்புக்குக் காரணமானதும் காவல்துறையே. 2011இல் பரமக்குடியில் சுட்டதும் அதுவே. அரசே தாக்கும்போது உரிமம் பெற்ற ஒற்றைத் துப்பாக்கி, கூடுதல் உயிர்களைப் பறிக்க ஒரு காரணமாக மட்டுமே அமையும். 1997 ஜூன் 30 அன்று மேலவளவில் ஊராட்சி மன்றத் தலைவர் முருகேசனும் அவருடன் சென்ற அறுவரும் பேருந்தை மறித்து வெட்டிக் கொல்லப்பட்டார்கள். அவருக்கிருந்த அச்சுறுத்தல் ஊரறிந்தது. அங்கே தவறியது மூன்றாம் விதியின் முதல் சொல்: அடையாளம் காணுதல்.

ஆகவே துப்பாக்கி உரிமத்தை நாம் தலித் விடுதலையின் வழியாக முன்வைக்கவில்லை. ஆனால் அது சட்டம் தந்த உரிமை. அதைக் கேட்பதை வன்முறை என்று பழிப்பதை ஏற்கவும் இயலாது. தொடர் அச்சுறுத்தலில் உள்ள ஊராட்சித் தலைவர்கள், வன்கொடுமை வழக்கின் சாட்சிகள், நில மீட்புப் போராளிகள் ஆகியோர் மூன்றாம் விதியைச் சுட்டி விண்ணப்பிக்கலாம். மறுப்பை எழுத்தில் பெறலாம். அந்த மறுப்பே, 'ஆபத்து இல்லை என்று சொன்னது யார்?' என்ற கேள்விக்குப் பின்னாளில் ஆவணமாகும். சாட்சிகள் சட்டத்தின் 15அ பிரிவின்கீழ்ப் பாதுகாப்பையும் சேர்த்துக் கேட்க வேண்டும்.

அதைவிட முதன்மையானவை ஊர் அளவில் செய்யத்தக்கவை. மாவட்டத்தில் அடையாளம் காணப்பட்ட பகுதிகள் எவை, அப்பகுதிகளில் எத்தனை பேரிடம் துப்பாக்கி உரிமம் உள்ளது, எத்தனை உரிமங்கள் நீக்கப்பட்டன, எத்தனை கள்ளத் துப்பாக்கிகள் பறிமுதலாயின என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ்க் கேட்போம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை கூட வேண்டிய மாவட்டக் கண்காணிப்புக் குழுவில் அந்த விடைகளை வைப்போம். எச்சரிக்கை மனுவுக்குப் பின்னும் அசையாத அதிகாரிமீது, கடமை தவறுதலைக் குற்றமாக்கும் பிரிவு 4இன்கீழ் நடவடிக்கை கோருவோம். தேர்தல் அறிவித்ததும் உரிமத் துப்பாக்கிகளை ஒப்படைக்கச் சொல்லும் நிர்வாகம், தேர்த் திருவிழாவுக்கும் குருபூசைக்கும் முன்னர் பதற்றமான ஊர்களில் அதையே செய்ய முடியும். வாக்குப்பெட்டிக்குத் தரும் பாதுகாப்பை வாக்காளரின் குடிசைக்கும் தாருங்கள் என்பதே நம் கோரிக்கை.